மேம்பாலத்தில் நனைந்த கார்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசைகட்டி நிறுத்தினார்கள். முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டு வாசலிலேயே காரை மூழ்கக் கொடுத்த பகுதி அது. பத்திரிகைகள் அந்த வரிசையைப் படம் பிடித்துப் போட்டன. அதில் நின்ற கார்களில் ஒன்று பின்னால் என் மேசைக்கு வழக்காக வந்து சேர்ந்தது.

கட்சிக்காரர் மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் சன்ரூஃப் வைத்த காராகப் பார்த்து வாங்கியிருந்தார். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்பதைத் தவிர அந்தக் கூரைக் கண்ணாடிக்கு வேறு காரணம் கிடையாது. வாங்கி நான்காவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. வெள்ளம் கீழிருந்து ஏறும் என்று பயந்து மேட்டில் நிறுத்தியவருக்குத் தண்ணீர் மேலிருந்து இறங்கியிருந்தது. மழை ஓய்ந்து காரை எடுக்கப் போனால், முன்சீட்டின் இடதுபக்கக் காலடியில் தண்ணீர் தேங்கி நின்றது. கூரைத் துணி ஒரு மூலையில் ஊறிப் பழுப்பேறித் தொங்கியது. தண்ணீரை ஒற்றி எடுத்து, மேட்டை வெயிலில் போட்டு, விஷயம் அத்தோடு முடிந்தது என்று இருந்துவிட்டார்.

முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்து அணைய மறுத்தது. கதவுக் கண்ணாடி தானாக இறங்கியது. ஒருநாள் நள்ளிரவில், பூட்டி நிறுத்தியிருந்த கார் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு நிற்பதாக எதிர்வீட்டுக்காரர் வந்து எழுப்பினார். அடுத்து பேட்டரி இறங்கியது. கட்டி இழுத்துக்கொண்டுதான் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கார்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்த எஸ்டிமேட் 3,40,000 ரூபாய். தரையோடு ஓடும் வயரிங், கனெக்டர்கள், ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, கார்பெட், கூரைத் துணி எல்லாம் மாற்ற வேண்டுமாம்.

மூன்று இடங்களில் கேட்டார், மூவரும் கையை விரித்தார்கள். வாரண்டி முடிந்துவிட்டது, முடியாவிட்டாலும் இலைதழை அடைப்பு அதில் வராது என்றது கார் கம்பெனி. மரத்தடியில் நிறுத்தினால் அப்படித்தான் ஆகும் என்றது சர்வீஸ் சென்டர். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர், வெள்ளம் புகுந்ததற்கு அறிகுறியே இல்லை என்று எழுதிவிட்டார். கார் மேம்பாலத்தில் நின்றதற்கு ஆதாரம், கட்சிக்காரர் தாமே பெருமையாக எடுத்து அனுப்பிய புகைப்படம்.

“வக்கீல் சார், காரைத் தெருவுலயே விட்டு முழுக விட்டிருந்தா பணம் வந்திருக்கும் போல” என்றார். கசந்துபோய்ச் சொன்னதுதான். ஆனால் பாலிசியை விரித்துப் படித்தால் அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை.

நோட்டீஸ் எழுதும் முன் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனேன். கார் வயரிங்கிலேயே தலை நரைத்தவர். “சன்ரூஃப் ஒழுகிடுச்சாம் பாய்” என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“ஒழுகலை சார். சன்ரூஃப்ல தண்ணி இறங்கத்தான் செய்யும். இறங்குற தண்ணி வெளிய போறதுக்குத்தான் பைப்பு விட்டிருக்கான். அந்தப் பைப்பு அடைச்சுக்கிச்சுன்னா உள்ள வரும்.”

வழக்கின் அஸ்திவாரம் அந்த ஒரு பதிலில் இருந்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் மழையை முழுதாகத் தடுப்பதற்கு வைத்ததல்ல, குறைப்பதற்கு வைத்தது. அதைத் தாண்டி இறங்கும் தண்ணீரைப் பிடிக்கக் கண்ணாடிக்கு அடியில் சுற்றிலும் ஒரு தட்டு இருக்கிறது. தட்டின் மூலைகளில் துளைகள், துளைகளிலிருந்து சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய்கள். முன்பக்கத்து இரண்டும் ஏ-பில்லர் என்று சொல்லும் முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் இறங்கி, முன்கதவுக் கீல் பக்கமோ முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டுக்குள்ளோ போய் முடியும். பின்பக்கத்து இரண்டும் பின்தூண் வழியாகப் பின்சக்கரத்துப் பக்கம் இறங்கும். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்தால் வீட்டுக்கு என்ன ஆகுமோ அதுதான் காருக்கும். ஒரே வித்தியாசம், காரில் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் பாக்ஸும் வயரிங்கும் இருக்கின்றன.

பல கார்களில் குழாயின் வெளிமுனையில் ஒரு ரப்பர் மூக்கு உண்டு. பூச்சியும் புழுதியும் உள்ளே ஏறக்கூடாது என்பதற்காக அதன் வாய் மூடியே இருக்கும், தண்ணீரின் எடை அழுத்தும்போது மட்டும் பிளந்து வழிவிடும். மேலிருந்து வரும் தூசி சேர்ந்து இறுகுவதும் அந்த வாயில்தான். கட்சிக்காரரின் தெருவில் வரிசையாகப் புங்கமரங்கள். சித்திரை, வைகாசியில் அந்த மரத்தடியில் காரை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. உதிர்ந்த பூ கண்ணாடி விளிம்பில் புகுந்து காய்ந்து பொடியாகிறது. முதல் தூறலில் சாலைப் புழுதியோடு குழைந்து குழாய்க்குள் போகிறது.

அடைப்பை எடுப்பது எப்படி என்றும் கேட்டுக்கொண்டேன். “கம்பி விட்டா பைப்பு கிழியும். காத்து அடிச்சா உள்ள ஜாயிண்ட்டு கழண்டுக்கும், அப்புறம் மொத்தக் கூரையும் பிரிக்கணும். புல்வெட்டுற மெஷின்ல போடுற நைலான் நரம்பு இருக்கு பாருங்க, அதை மெதுவா விடணும்” என்றார். இந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டேன். பின்னால் பயன்பட்டது.

அடுத்தது, யார் மேல், எந்தச் சட்டப்பிரிவில் போவது? 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, பொருளால் கேடு என்றாலே இளம் வழக்கறிஞர்கள் ‘தயாரிப்புப் பொறுப்பு’ அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளரும் சேவை தருபவரும் பொறுப்பாவார்கள் என்று 84, 85 ஆம் பிரிவுகளில் இருப்பது உண்மைதான். ஆனால் ‘கேடு’ என்றால் என்ன என்று சொல்லும் 2(22) ஆம் பிரிவைப் படிக்காமல் அங்கே போகக்கூடாது. அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் கேடு அல்ல என்று அது விலக்கி வைக்கிறது. காரின் ஏர்பேக் வெடித்து ஆளுக்குக் காயம் என்றால் அந்த அத்தியாயம். காருக்குள் தண்ணீர் வந்து காரே கெட்டது என்றால் அது உதவாது.

ஆகவே எங்கள் வழக்கு நிற்க வேண்டிய இடம் 2(11) ஆம் பிரிவு, அதாவது சேவைக் குறைபாடு. கவனக்குறைவால் நுகர்வோருக்கு நட்டம் ஏற்படுத்துவதும், சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் மறைப்பதும் அதற்குள் அடக்கம். காரின் விலை 18 லட்சம். 50 லட்சத்துக்கு உட்பட்டதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம், கட்டணம் 400 ரூபாய். காலவரம்பு இரண்டு ஆண்டு என்பதால் அந்தக் கவலையும் இல்லை. சர்வீஸ் சென்டர், தயாரிப்பாளர், இன்ஷூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்தேன். ஒருவரை விட்டுவிட்டால் மற்ற இருவரும் இல்லாதவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

சேவைக் குறைபாடு என்று எழுதிவிடலாம். எந்தச் சேவையில், எந்தத் தேதியில் என்று காட்ட வேண்டாமா? அங்கேதான் மின்வாரியப் பழக்கம் கைகொடுத்தது. காருக்கென்று தனி ஃபைல் வைத்திருந்தார் மனிதர். பெட்ரோல் ரசீது முதற்கொண்டு துளை போட்டுக் கோத்திருந்தார். அதில் 2024 ஆகஸ்ட் மாத சர்வீஸின் ஜாப் கார்டு இருந்தது, அதாவது மழைக்கு இரண்டு மாதம் முந்தையது. வாடிக்கையாளர் குறை என்ற இடத்தில் சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் அடித்திருந்தது: ‘ஏசியில் வாடை.’ அதற்குக் கீழே, கையெழுத்துப் போடும் இடத்தை ஒட்டி, என் கட்சிக்காரர் பேனாவால் எழுதியிருந்தார்: ‘இடது முன்பக்க மேட்டுக்கு அடியில் ஈரம். எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவும்.’ அட்வைசரின் சுருக்கொப்பம் அதற்கும் கீழே.

“ஏன் சார் கையால எழுதினீங்க?” என்று கேட்டேன்.

“நான் ஈரம்னேன், அந்தப் பையன் வாடைன்னு அடிச்சான். எங்க ஆபீஸ்ல ரெஜிஸ்டர்ல ஏறாத புகார் புகாரே இல்லை சார்.”

அன்றைய பில்லில் இரண்டு வரிகள் முக்கியமானவை. ஒன்று, ஏசி கிருமிநீக்கத்துக்குக் கட்டணம். இன்னொன்று, சன்ரூஃப் லூப்ரிகேஷனுக்குக் கட்டணம். ஈரத்துக்குக் காரணம் தேடியதாக எங்கும் ஒரு வரி இல்லை. வாசனை மருந்து அடித்து அனுப்பிவிட்டார்கள்.

காரை அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். ரிப்பேர் முடிந்த கார் ஆணையத்தில் எதையும் சொல்லாது. சர்வீஸ் சென்டர் இடத்துக்கு நாள்வாடகை கேட்டு மெயில் மேல் மெயில் அனுப்பியது, கட்சிக்காரர் அசையவில்லை. செல்போனில் எடுத்திருந்த வீடியோக்களுக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63 ஆம் பிரிவின்படி சான்றிதழும் இணைத்தேன். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இருந்தாலும் எதிர்தரப்புக்கு ஏன் ஒரு வாய்ப்பைத் தர வேண்டும்?

எங்கள் மனுவை ஏற்று ஆணையம் ஒரு வழக்கறிஞர் ஆணையரையும், ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் ஒருவரையும் நியமித்தது. சோதனை சர்வீஸ் சென்டரின் பின்புற யார்டில் நடந்தது. கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை, அரை லிட்டர் அளவுக் குவளையும் ஒரு வாளித் தண்ணீரும்தான். பேராசிரியர் சன்ரூஃபைத் திறந்து, ஏணியில் ஏறி, பின்பக்க வலது மூலையில் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். பின்சக்கரத்துக்குப் பின்னால் அது தரையில் கொட்டும் சத்தம் உடனே கேட்டது. பின் இடதும் அப்படியே. முன் வலதில் ஊற்றியது நூலாக இறங்கியது. கடைசியாக முன் இடது மூலை. தண்ணீர் தட்டில் நின்றது. குமிழிகூட வரவில்லை. இரண்டாவது குவளையில் பாதி ஊற்றியதும் தட்டு விளிம்பைத் தாண்டிக் கூரைத் துணிக்கு மேலே ஓடி, ஏ-பில்லர் உறைக்குப் பின்னால் இறங்கி, காலடியில் வெறும் தகட்டின்மேல் சொட்டியது. கார்பெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஃபோமை ஏற்கெனவே பிரித்துப் போட்டிருந்தார்கள். மழை பெய்து மாதங்கள் கடந்தும் அதைப் பிழிந்தால் ஈரம் கசிந்தது. சீட்டுக்கு அடியில் ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கனெக்டரைக் கழற்றியபோது, உள்ளே பின்கள் பச்சைக் களிம்பேறி இருந்தன.

பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டுக்குள்ளிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார்கள். ரப்பர் மூக்கு வெளியே தெரிந்தது. பேராசிரியர் அதை இரண்டு விரலால் அழுத்திப் பிதுக்கினார். கறுத்த சேறு கெட்டியாக ஒரு விரற்கடை நீளத்துக்கு வந்து விழுந்தது. அதற்குள் புங்கம்பூவின் காம்புகள் கலையாமல் இருந்தன. அடுத்த நொடி, மேலே தட்டில் நின்ற தண்ணீர் முழுவதும் அவர் கையில் கொட்டியது. ஆணையர் அந்தச் சேற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முத்திரை வைத்தார்.

நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் குறுக்கு விசாரணை கூண்டில் நடக்காது, கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதில் வாங்குவோம். சினிமா பார்த்துவிட்டு வரும் கட்சிக்காரர்களுக்கு இதில் ஏமாற்றம்தான். எழுத்தில் வரும் பதிலை ஆற அமர யோசித்துத்தான் தருவார்கள், ஆனால் தந்தபின் வழுக்க முடியாது. சர்வீஸ் சென்டருக்கு நான் அனுப்பிய கேள்விகளில் மூன்று போதும். கண்ணாடி ரப்பரைத் தாண்டித் தண்ணீர் இறங்குவது இயல்பா? ஆம். சன்ரூஃப் தண்டவாளத்துக்கு கிரீஸ் போடக் கண்ணாடியை முழுதாகத் திறக்க வேண்டுமா? ஆம். அப்படித் திறந்தால் முன்மூலை வடிகால் துளை கண்ணுக்குத் தெரியுமா? ‘தெரியக்கூடும், ஆனால் அதைச் சோதிப்பது சர்வீஸ் அட்டவணையில் இல்லை.’

அவர்கள் தரப்பு வாதம் லேசானதல்ல. காரோடு தந்த கையேட்டில், சன்ரூஃப் பகுதியில் இலை, குப்பை சேராமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு வரி இருந்தது. புங்கமரத்தடியில் நிறுத்தியது உரிமையாளர். மேம்பாலச் சரிவில் முன்பக்கம் தாழ்வாக நிறுத்தியதும் அவரே. அதனால்தான் தட்டில் விழுந்த தண்ணீரெல்லாம் முன்மூலைக்கு ஓடியது என்றார் எதிர்தரப்பு வழக்கறிஞர். பேராசிரியரின் அறிக்கையும் சரிவு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டிருந்தது.

என் பதில் இதுதான். சரிவான சாலை காருக்குப் புதிதல்ல, முன்மூலையில் குழாய் வைத்ததே தண்ணீர் முன்னால் ஓடும் என்று தெரிந்துதான். குப்பை சேராமல் பார்க்கச் சொன்ன கையேடு, வடிகுழாய் என்று ஒன்று இருப்பதையோ அது எங்கே முடிகிறது என்பதையோ சொல்லவில்லை. மட்கார்டைப் பிரித்தால்தான் தெரியும் முனையை எந்த உரிமையாளர் துடைப்பார்? எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டவணையில் இல்லை என்பது ஈரம் என்று எழுதிக் கொடுக்காத வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய பதில். எழுதிக் கொடுத்த நாளில், அதே ஆட்கள் அதே கண்ணாடியைத் திறந்து, துளைக்குப் பக்கத்தில் கிரீஸ் போட்டு, அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்கள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். யார்டில் அப்படித்தான் தெரிந்தது.

சோதனை தேவைப்படும் வழக்குகளை 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் ஆனது. தீர்ப்பு மூவரையும் மூன்று விதமாகப் பார்த்தது. தயாரிப்பாளர் மீது புகார் தள்ளுபடி. வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறை நிரூபிக்கப்படவில்லை, பின்குழாய்கள் சரியாக வேலை செய்ததே அதற்கு எதிரான சாட்சி. இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதும் தள்ளுபடி. சர்வேயர் அறிக்கை வேதவாக்கல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009 இல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருப்பதைக் காட்டினேன். அதை மறுக்கும் ஆதாரம் உங்களிடமும் இல்லையே என்றது ஆணையம். பாலிசி காப்பது வெள்ளம், புயல், வெளியிலிருந்து வரும் விபத்து போன்றவற்றை. இங்கே மழை ஒரு சந்தர்ப்பம்தான், காரணம் மாதக்கணக்கில் சேர்ந்த அடைப்பு.

சர்வீஸ் சென்டர் மீது சேவைக் குறைபாடு நிரூபணம் ஆனது. ரிப்பேர் செலவில் 75 விழுக்காடும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையும், வழக்குச் செலவும் தர வேண்டும், நாள்வாடகை கேட்கக்கூடாது என்று உத்தரவு. மீதி 25 விழுக்காட்டை எங்கள் பக்கம் ஏற்றினார்கள். அதற்குச் சொன்ன காரணம் மரத்தடி அல்ல. தண்ணீர் நின்றதைப் பார்த்தபிறகும் ஒரு வாரம் காரை ஓட்டியது. ஈரமான கனெக்டரில் மின்சாரம் ஓடினால் அரிப்பு வேகமாகும், அன்றே பேட்டரி ஒயரைக் கழற்றிக் காரை ஒப்படைத்திருந்தால் சேதம் குறைந்திருக்கும் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். கட்சிக்காரர் இதற்கு மட்டும் மறுபேச்சு பேசவில்லை. மின்வாரியத்தில் இருந்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம், தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அவர்கள் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார்கள்.

இந்த வழக்குக்குப் பிறகு சன்ரூஃப் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. பாய் சொன்னதையும் பேராசிரியர் செய்ததையும் சேர்த்துச் சொல்வேன். பூ உதிரும் காலம் முடிந்ததும் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை கண்ணாடியைத் திறந்து, தட்டை ஈரத் துணியால் துடையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது காருக்கு வெளியே எங்கே விழுகிறது என்று பாருங்கள். விழாவிட்டால் கம்பியோ காற்றோ வேண்டாம், தெரிந்த ஆளிடம் விடுங்கள்.

இது காருக்கு. வழக்கு என்று வந்தால் உதவுவது வேறொன்று. சர்வீஸுக்கு விடும்போது நீங்கள் சொன்ன குறை ஒன்று, அட்வைசர் அடித்தது வேறொன்று என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கண்ணால் கண்டதைக் கண்டபடி, எந்தப் பக்கம், எந்த இடம் என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன்கீழ் அவர்கள் சுருக்கொப்பத்தையும் வாங்குங்கள். வாடை என்று மட்டும் இருந்திருந்தால், கிருமிநீக்கம் செய்தோம், வேலை முடிந்தது என்று சொல்லி அவர்கள் தப்பியிருப்பார்கள். அந்தப் பதிலுக்கு என்னிடமும் பதில் இருந்திருக்காது.